பர்ப்பிள் மார்ட்டின்: மூன்று வருடமாகக் கூண்டு காலி, எங்கே தவறுகிறது?

கொல்லைப்புறம் (சுகர்லேண்ட், டெக்சாஸ்) – பிப்ரவரி 6

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே சுகர்லேண்டில் இருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் 12 அறை கொண்ட அலுமினியப் பறவை வீடு ஒன்றை வாங்கிக் கொல்லையில் கம்பம் நட்டு ஏற்றினேன். பர்ப்பிள் மார்ட்டின் வந்து குடியேறும், ஒரு நாளைக்கு 2000 கொசு தின்னும் என்று பெட்டியில் போட்டிருந்தது. கொசுவுக்காகத்தான் வாங்கினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இப்போது எங்களுக்கு அந்தப் பறவையையே பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. என் மகளுக்கு 8 வயது. ஜனவரி கடைசியிலிருந்து தினமும் காலையில் கண்ணாடிக் கதவோரம் நின்று வானத்தைப் பார்க்கிறாள்.

மூன்று வருடமும் வந்தது சிட்டுக்குருவிதான். போன வருடம் 12 அறையில் 7 அறை அவற்றின் வைக்கோலால் நிரம்பியிருந்தது. போன வாரம் கருநீலமாக மின்னும் இரண்டு பறவைகள் வந்து கூரைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றின, கம்பத்துப் பக்கம் இறங்காமலே போய்விட்டன.

கொல்லை 70 அடி அகலம், வீட்டுச் சுவரிலிருந்து வேலி வரை 55 அடி. தென்மேற்கு மூலையில் ஒரு லைவ் ஓக் மரம். கம்பம் வேலியோரம், அந்த மரத்திலிருந்து 15 அடி தள்ளி நிற்கிறது. அறை ஒவ்வொன்றும் 6 அங்குலத்துக்கு 6 அங்குலம். யாராவது வழி சொல்லுங்கள்.


பழைய ஏணி (கேட்டி, டெக்சாஸ்) – பிப்ரவரி 6

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. மரத்திலிருந்து 15 அடி. அங்கேதான் கோளாறு.

மார்ட்டின் தகைவிலான் இனம். வட அமெரிக்கத் தகைவிலான்களில் இதுதான் பெரியது, 50 கிராமுக்கு மேல் எடை இருக்கும். இது வாசலில் வந்து தொற்றிக்கொள்ளும் பறவை இல்லை. தூரத்திலிருந்தே சறுக்கியபடி இறங்கி வரும், புறப்படும்போது கீழ்நோக்கிப் பாய்ந்து மேலேறும். அதற்கு நாலு பக்கமும் திறந்த வெளி வேண்டும். பக்கத்தில் மரம் இருந்தால் அதில் கூப்பர் வல்லூறு ஒளிந்திருக்கும் என்று அதற்குத் தெரியும். அதனால் மரத்தின் கிளை நுனியிலிருந்து அளந்து 40 அடியாவது விலகியிருக்க வேண்டும். 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் இன்னொரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மனித நடமாட்டத்துக்குப் பயந்து வராது என்று நினைத்துக் கம்பத்தை வேலியோரம் தள்ளி வைக்கிறார்கள். இந்தப் பறவைக்கு மனிதர்கள் பக்கத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு. ராக்கி மலைக்குக் கிழக்கே அநேகமாக எல்லா மார்ட்டின்களும் மனிதர்கள் வைத்த கூண்டிலும் சுரைக்குடுக்கையிலும்தான் குஞ்சு பொரிக்கின்றன. மேற்கே மட்டும்தான் இன்னும் மரங்கொத்தி குடைந்த பொந்திலும், அரிசோனா பக்கம் சகுவாரோ கள்ளியிலும் கூடு கட்டுகின்றன. அதனால் கம்பம் வீட்டிலிருந்து 30 அடிக்கும் 100 அடிக்கும் இடையே இருக்கலாம். சின்னக் கொல்லை என்றால் 25 அடி கூடப் பரவாயில்லை. நீங்கள் உட்கார்ந்து காபி குடிக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தெரிய வேண்டும்.

கம்பத்தின் உயரம் 12 முதல் 15 அடி போதும். ஆனால் கப்பியும் கயிறும் வைத்து ஏற்றி இறக்கும் கம்பமாக இருக்கட்டும். வாரம் ஒரு தடவை இறக்கிப் பார்க்க முடியாத கூண்டு சிட்டுக்குருவிக்குத்தான் போய்ச் சேரும். 6க்கு 6 அறையும் சின்னது. இரண்டு அறைக்கு நடுவே உள்ள தகட்டை எடுத்தால் 6க்கு 12 ஆகும். 12 அறை 6 அறையாகிவிடுமே என்று கவலைப்படாதீர்கள். வாசலிலிருந்து கூடு எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆந்தையின் கால் எட்டாது, மழைச் சாரலும் எட்டாது.

கொசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1968-லேயே ஹெர்பர்ட் கேல் என்ற பறவையியலாளர் 'தி ஆக்' ஆய்விதழில் இதை விரிவாக எழுதி முடித்துவிட்டார். மார்ட்டின் பகலில் உயரத்தில் பறந்து இரை பிடிக்கும். கொசு சாயங்காலம் தரையோரம் கிளம்பும். இரண்டும் சந்திப்பதே அரிது. மார்ட்டின் தின்பது தட்டான், வண்டு, ஈ, குளவி, ஈசல் மாதிரிப் பறக்கும் எறும்பு. நம் ஊர்ப் புல்தரையில் காலைக் கடித்துக் கொப்புளமாக்கும் ஃபயர் ஆன்ட் இருக்கிறதே, அதன் இறக்கை முளைத்த ராணிகளை வானத்திலேயே பிடித்துத் தின்கிறது. அதற்காக வேண்டுமானால் நன்றி சொல்லலாம்.


கொல்லைப்புறம் – பிப்ரவரி 7

அண்ணா, மிக்க நன்றி. நேற்று ராத்திரியே டேப் எடுத்து அளந்தோம். வீட்டுச் சுவரிலிருந்து 25 அடியில் ஓர் இடம் கிடைத்தது. ஓக் மரத்தின் கிளை நுனியிலிருந்து சரியாக 40 அடி. சனிக்கிழமை குழி தோண்டிவிடுவேன். இந்த வருடம் நேரம் கடந்துவிட்டதா? முதலில் வரும் "ஸ்கவுட்" பறவைகள் பார்த்துவிட்டுப் போய் மற்றவற்றுக்குச் சொல்லும் என்று படித்தேன். அவைதான் ஏற்கெனவே வந்து போய்விட்டனவே.


பழைய ஏணி – பிப்ரவரி 7

ஸ்கவுட் என்ற சொல் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவை யாருக்கும் வேவு பார்க்க வருவதில்லை. வயதான பறவைகள் பிரேசிலிலிருந்து முதலில் கிளம்பி முதலில் வந்து சேர்கின்றன, அவ்வளவுதான். போன வருடம் குஞ்சு பொரித்த இடத்துக்கே நேராகப் போய்விடும். உங்கள் கொல்லைக்கு அவை குடிவருவது கஷ்டம்.

நீங்கள் காத்திருக்க வேண்டியது போன கோடையில் பிறந்த இளசுகளுக்கு. ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை பிந்தி வரும். அவற்றுக்குச் சொந்த இடம் கிடையாது, தேடிக்கொண்டே வரும். புதுக் கம்பம் எல்லாமே அவற்றால்தான் தொடங்குகிறது. பலர் மார்ச் கடைசியில் மனம் விட்டுக் கூண்டை மூடிவிடுகிறார்கள். ஜூன் வரைக்கும் திறந்து வையுங்கள்.

ஆனால் இன்றைக்கே திறக்காதீர்கள். எல்லா வாசலையும் அடைத்து வையுங்கள். மார்ட்டின் வந்து கூண்டின் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் நாளில் இரண்டு மூன்று வாசலைத் திறந்தால் போதும். அடைத்த அறையில் சிட்டுக்குருவி வைக்கோல் கொண்டுபோக முடியாது. திறந்த அறையில் அது கூடு கட்டத் தொடங்கினால் கையால் பிய்த்து எடுத்துவிடுங்கள்.


நிழல்மரம் (எடிசன், நியூ ஜெர்சி) – பிப்ரவரி 8

இழையை முதலிலிருந்து படித்தேன். ஒன்று கேட்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊரில் சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று மார்ச் 20-ஆம் தேதி வருடாவருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூண்டு கொடுக்கிறோம். என் அப்பா திண்ணையில் குருவிக்கென்று நெற்கதிர் கட்டித் தொங்கவிடுவார். அதே குருவியின் கூட்டை இங்கே கையால் பிய்த்துப் போடச் சொல்கிறீர்கள். இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.


பழைய ஏணி – பிப்ரவரி 8

கோபம் எதற்கு? எனக்கும் முதல் இரண்டு வருடம் கை வரவில்லை. நானும் குருவிக்கு வழிவிட்டு உத்தரத்தில் சட்டி கட்டிய வீட்டில் வளர்ந்தவன்தான்.

என் மனதை மாற்றியது ஒரே ஒரு காட்சி. மார்ட்டின் கூட்டில் 5 முட்டை இருந்தது. மறுவாரம் இறக்கிப் பார்த்தபோது ஐந்திலும் ஓட்டை. அதன் மேலேயே சிட்டுக்குருவி வைக்கோல் போட்டுக் கட்டத் தொடங்கியிருந்தது. குஞ்சாக இருந்தால் தலையில் கொத்திக் கொன்றுவிடும். சில சமயம் தாய்ப் பறவையே உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போகும்.

சிட்டுக்குருவி இந்த மண்ணின் பறவை இல்லை. 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். மைனா இனத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங்கை 1890-லும் 1891-லும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் யூஜின் ஷிஃபெலின் என்பவர் விட்டார், மொத்தம் நூறு பறவை அளவில். இன்றைக்கு இரண்டும் கண்டம் முழுக்க இருக்கின்றன. மரப்பொந்துகளை அவை பிடித்துக்கொண்டதும் மார்ட்டினுக்கு நாம் வைக்கும் கூண்டைத் தவிர வேறு இடமில்லாமல் போனதற்கு ஒரு காரணம். 1918-ஆம் வருடத்து வலசைப் பறவைச் சட்டம் மார்ட்டினைக் காக்கிறது. முட்டையோ குஞ்சோ உள்ள அதன் கூட்டை யாரும் எடுக்கக் கூடாது. சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது.

கொல்லச் சொல்லவில்லை. நான் கொல்வதும் இல்லை. முட்டை இடுவதற்கு முன்பே வைக்கோலை எடுத்துவிடுகிறேன். மூன்று நாளைக்கு ஒரு முறை எடுத்தால் முட்டை வரை போகாது. கும்பகோணத்தில் குருவிக்குக் கூண்டு வைப்பதும் கேட்டியில் அதன் வைக்கோலை எடுப்பதும் எனக்கு முரணாகத் தெரியவில்லை. அது அதற்குரிய ஊரில் வாழட்டும்.


நிழல்மரம் – பிப்ரவரி 8

முட்டைக்கு முன்பு எடுப்பது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மனதில் கல்லைப் போட்டது போலத்தான் இருக்கிறது.


பழைய ஏணி – பிப்ரவரி 9

இருக்கட்டும், அந்தக் கஷ்டம் இருப்பதுதான் சரி.

கொல்லைப்புறம் தம்பி, கேட்க மறந்துவிட்டேன். கொல்லையில் யாராவது சோறோ ரொட்டியோ வைக்கிறீர்களா? விலை மலிந்த பறவைத் தீனி, கம்பு, உடைத்த சோளம், இதில் ஏதாவது?


கொல்லைப்புறம் – பிப்ரவரி 9

அண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அம்மா ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார்கள். தினமும் காலையில் காக்கைக்கு என்று ஒரு பிடி சோறு வேலிக் கட்டையில் வைக்கிறார்கள். காக்கை வருவதில்லை. சிட்டுக்குருவியும் கிராக்கிள் என்ற கரும்பறவையும்தான் வருகின்றன. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா இறந்த பிறகு விடாமல் செய்துவரும் பழக்கம் அது.


சுரைக்கொடி (ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா) – பிப்ரவரி 9

தம்பி, அம்மாவிடம் நிறுத்தச் சொல்லாதீர்கள், மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். முட்டை ஓடு. கழுவி, அடுப்பில் கொஞ்ச நேரம் சூடாக்கி, கையால் நொறுக்கி ஒரு தட்டில் திறந்த வெளியில் வைத்தால் மார்ட்டின் வந்து பொறுக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை, குஞ்சுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். சிட்டுக்குருவிக் கூட்டத்தை அது சோறு மாதிரி இழுக்காது. என் மாமியாரும் இப்படித்தான் மாறினார்.

எங்கள் வீட்டில் அலுமினியக் கூண்டே கிடையாது, எல்லாம் சுரைக்குடுக்கை. நான் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே சுரைப்புரடை என்போம். கிணற்றில் நீச்சல் பழக முதுகில் கட்டிவிடுவார்கள், விதை போட்டு வைப்பார்கள். இங்கே வந்து ஜார்ஜியாவின் கிராமத்துச் சாலையில், உயரக் கம்பத்தில் குறுக்குக்கட்டை வைத்துச் சுரைக்குடுக்கைகள் வரிசையாக ஆடுவதைப் பார்த்தபோது வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டேன். அதே காய். லகனேரியா சைசெரேரியா, நாம் கூட்டு வைக்கிற சுரைக்காய்தான்.

நாம் காய்க்கு வளர்க்கும் நீளச் சுரை இதற்கு ஆகாது. வயிறு 8 முதல் 10 அங்குலம் விட்டம் வரும் குண்டுச் சுரை வேண்டும், ஓடு தடியாக இருக்க வேண்டும். கொடியைப் பந்தலில் ஏற்றினால் காய் தொங்கி நேராக வளரும். பூ சாயங்காலம்தான் விரியும், வெள்ளை வெளேரென்று. பூச்சி வராத நாளில் ஆண் பூவைப் பறித்து நானே பெண் பூவில் தடவிவிடுவேன். முற்றிய காயைப் பனி விழும் வரை கொடியிலேயே விட்டு, பிறகு ஷெட்டில் மாதக்கணக்கில் காய வைக்க வேண்டும். மேலே பூசணம் படர்ந்து கறுப்பாக அசிங்கமாகும். அழுகிவிட்டது என்று நிறையப் பேர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தூக்கிப் போடாதீர்கள். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட்டால் தயார். தண்ணீரில் ஊற வைத்துத் தேய்த்தால் பூசணம் போய்விடும்.

வயிற்றின் மிக அகலமான இடத்தில், வாசல் நேராக வெளியே பார்க்கும்படி துளை போட வேண்டும். மேல் நோக்கி இருந்தால் மழை உள்ளே போகும், கீழ் நோக்கி இருந்தால் பறவை ஏற முடியாது. வட்ட வாசல் 54 மில்லிமீட்டர். அடியில் ஐந்தாறு சின்னத் துளை, தண்ணீர் வடிய. கழுத்தில் குறுக்காக ஒரு துளை, கம்பி கோர்க்க. உள்ளே சுரண்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சைப் பிடிக்கும். முன்பெல்லாம் மயில்துத்தக் கரைசலில் ஊற வைப்பார்கள். நான் அதைச் செய்வதில்லை, வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட் இரண்டு கை அடிக்கிறேன். வெள்ளை அடிக்காத குடுக்கை வெயிலில் சட்டி போலச் சுடும், குஞ்சு தாங்காது.


ஏரிக்கரை (ஒன்ராறியோ, கனடா) – பிப்ரவரி 10

சுரைக்கொடி, நீங்கள் எழுதியதை வாசிக்க எங்கள் அம்மம்மாவின் சுரைப்பந்தல் ஞாபகம் வந்தது.

குடுக்கை கட்டுவது வெள்ளைக்காரர் தொடங்கிய வழக்கம் இல்லை. 1800களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் வில்சன் என்ற பறவை ஆய்வாளர் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். சோக்டா, சிக்கசா மக்கள் தங்கள் குடிசைக்குப் பக்கத்தில் இருக்கும் இளமரத்தின் மேற்கிளைகளை வெட்டி, ஓரிரு அடி நீளத்துக்குக் கவடு மட்டும் விட்டு, ஒவ்வொரு கவட்டிலும் ஒரு சுரைக்குடுக்கை தொங்கவிடுவார்களாம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களும் நீளமான மூங்கில் போன்ற நாணல் கழியில் அதையே செய்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஒரு பறவை தலைமுறை தலைமுறையாகக் காட்டைவிட்டு மனிதரின் முற்றத்துக்கு வந்தது இந்த மக்களின் கையால்தான். இதை நாங்கள் மறக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொரொன்டோவில் யோர்க் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜெட் ஸ்டச்பரி 2009-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியாவில் கூடு கட்டிய மார்ட்டின்களின் முதுகில் ஒன்றிரண்டு கிராமே எடையுள்ள, வெளிச்சத்தைப் பதிந்து பறவை இருந்த இடத்தைக் கணிக்க உதவும் கருவியைப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். ஒரு பெண் பறவை பிரேசில் போய்ச் சேர 43 நாள் எடுத்தது. வசந்தத்தில் திரும்பி வர அதற்கு 13 நாள்தான் ஆனது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர். எங்களிடம் ஏப்ரல் கடைசியில்தான் வந்து சேரும். வந்த கையோடு குளிர் திரும்பினால் மூன்று நான்கு நாளில் பட்டினியில் இறந்துவிடும். பூச்சி பறக்காவிட்டால் இதற்கு வேறு சாப்பாடே இல்லை.


பழைய ஏணி – பிப்ரவரி 10

2021 பிப்ரவரியில் அது டெக்சாஸிலேயே நடந்தது. 14-ஆம் தேதி இரவு தொடங்கிய உறைபனி. எங்களுக்கு மின்சாரம் இல்லை, குழாய் வெடித்தது. என் கம்பத்தில் அன்றைக்கு 19 மார்ட்டின்கள் இருந்தன. எல்லாம் ஒரே குடுக்கைக்குள் நெருக்கி அடைந்திருந்தன. வெளியே பறக்கும் பூச்சி ஒன்றுகூட இல்லை.

எனக்கு முன்னரே ஒரு முதியவர் சொல்லிக் கொடுத்திருந்தார். உறைய வைத்த வெட்டுக்கிளி மாதிரியான கிரிக்கெட் பூச்சிகளைச் செல்லப்பிராணிக் கடையில் வாங்கி ஃப்ரீசரில் போட்டு வைத்திருந்தேன். வெந்நீரில் இளக்கி, பிளாஸ்டிக் கரண்டியில் வைத்து வானத்தில் சுண்டிவிட வேண்டும். அதற்குத் தரையில் கிடக்கும் பூச்சி இரையாகவே தெரியாது. முதல் அரை மணி நேரம் ஒன்றும் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு கிழட்டு ஆண் பிடித்தது. அதைப் பார்த்து இன்னும் சில பிடித்தன. பூச்சி தீர்ந்ததும் முட்டையைப் பொரித்து உதிர்த்துத் தட்டில் வைத்தோம். வெயில் வந்த நாளில் எண்ணினேன், 11 உயிரோடு இருந்தன. மீதி எட்டையும் மகனும் நானும் குடுக்கையிலிருந்து எடுத்துப் புதைத்தோம். பக்கத்து ஊர்களில் பல கம்பங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தப் பறவைக்குக் கூண்டு வைத்தால் அதோடு நம் வேலை முடிவதில்லை. அதனால்தான் இங்கே இதைச் செய்பவர்களை "லேண்ட்லார்ட்" என்கிறார்கள், வீட்டுக்காரர்.


தாழ்வாரம் (தஞ்சாவூர்) – பிப்ரவரி 11

நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தகைவிலான்கள் மின்கம்பியில் வரிசையாக உட்காரும். சுரைக்குடுக்கை கட்டினால் அவை வருமா அக்கா?


சுரைக்கொடி – பிப்ரவரி 11

வராது கண்ணு. பர்ப்பிள் மார்ட்டின் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டுவதில்லை. நீ பார்க்கும் தகைவிலான் வடக்கேயிருந்து குளிருக்கு வந்து தங்கிவிட்டுப் போகும் விருந்தாளி, நம் ஊரில் கூடு கட்டாது. தமிழ்நாட்டிலேயே கூடு கட்டும் தகைவிலான்களும் ஈர மண்ணைக் கொண்டுவந்து பாலத்தடியிலும் சுவரிலும் தாமே ஒட்டிக் கட்டுபவை, குடுக்கை அவற்றுக்குத் தேவையில்லை. பாலத்தடிக் கூட்டை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி. குடுக்கையோ மண்கலயமோ கட்டினால் சிட்டுக்குருவி வரும். உன் ஊரில் அது வரட்டும்.


கொல்லைப்புறம் – மார்ச் 22

கம்பம் நட்டாயிற்று. நடுத் தகட்டை எடுத்து 6 அறையாக்கினேன். சுரைக்கொடி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு நான்கு பிளாஸ்டிக் குடுக்கைகளும் வாங்கிக் கம்பத்தில் மாட்டினேன். அம்மா சோற்றை நிறுத்திவிட்டார்கள். நான் கேட்கவே இல்லை, மகள் போய் முட்டை ஓட்டுக் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

வளர்ந்த ஆண் ஒன்று மூன்று நாள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சிட்டுக்குருவி விடாமல் வருகிறது. ஸ்டார்லிங்கும் ஒரு ஜோடி குடுக்கைக்குள் எட்டிப் பார்க்கிறது.


பழைய ஏணி – மார்ச் 22

ஸ்டார்லிங்குக்கு வாசலை மாற்றுங்கள். வட்டத்துக்குப் பதில் பிறை வடிவ வாசல் உண்டு, உயரம் 30 மில்லிமீட்டர். மார்ட்டின் தோளைத் தாழ்த்தி நுழைந்துவிடும், ஸ்டார்லிங் நுழைய முடியாது. வாசலின் அடிவிளிம்பு வெளித்திண்ணையோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மார்ட்டினாலும் முடியாது.

அப்புறம், விடியல் பாட்டை ஒலிக்க விடுங்கள். வளர்ந்த ஆண் மார்ட்டின் பொழுது புலர்வதற்கு வெகு முன்பே இருட்டில் வானத்தில் ஏறிப் பாடும். அதைப் பதிவு செய்து விற்கிறார்கள். அதிகாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை சன்னமாகப் போட்டால் இருட்டில் கடந்து போகும் இளசுகள் கேட்டு நிற்கும். ஏப்ரல் முழுக்கப் போடுங்கள். அண்டை வீட்டில் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கம்பத்துக்குக் காவல் போட்டீர்களா?


கொல்லைப்புறம் – மார்ச் 22

காவல் என்றால்?


பழைய ஏணி – மார்ச் 22

பாம்பு. நம் பக்கத்து ரேட் ஸ்நேக் வழுவழுப்பான இரும்புக் கம்பத்தில்கூட ஏறும். என் நான்காம் வருடத்தில் ஒரே ராத்திரியில் 11 குஞ்சு போனது. காலையில் அலுமினியக் கூண்டுக்குள் மூன்று இடத்தில் வீங்கிய உடம்போடு அது படுத்திருந்தது. காவல் போடாதது என் தவறு, இன்றைக்கும் அந்த நினைவு வலிக்கிறது.

தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், புகைபோக்கிக்குப் பயன்படும் 8 அங்குலத் தகரக் குழாயை இரண்டரை அடி நீளத்துக்குக் கம்பத்தைச் சுற்றி மாட்டுங்கள், மேல்பக்கம் மூடியிருக்கட்டும். ரக்கூனும் ஏறாது. அதற்குக் கீழே பழமரத்துக்குப் போடும் பறவை வலையைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டினால் பாம்பு அதில் சிக்கிக்கொள்ளும். தினமும் பார்த்து வெட்டி விடுவித்துவிடுங்கள், வெயிலில் செத்துவிடும்.


கொல்லைப்புறம் – ஏப்ரல் 27

வந்துவிட்டது!

காலை 6:50. ஒரு ஜோடி. ஆணின் வயிறு இன்னும் சாம்பல் வெள்ளை, தொண்டையில் மட்டும் நாலைந்து கருநீல இறகு, மை தெளித்த மாதிரி. அண்ணா சொன்ன இளசு இதுதானே? பெண்ணுக்குக் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் பட்டை. இரண்டும் கிழக்குப் பக்கக் குடுக்கையில் மாறி மாறி நுழைந்து பார்க்கின்றன. தண்ணீருக்குள் பேசுவது போல ஒரு குரல், குளுகுளுவென்று. மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். அம்மாவுக்கு நாளை மறுநாள் விமானம்.


பழைய ஏணி – ஏப்ரல் 27

அதேதான். அடுத்த வருடம் திரும்பி வரும்போது உடம்பு முழுக்க நிறம் ஏறியிருக்கும். பாட்டை நிறுத்திவிடாதீர்கள், இன்னும் ஒரு ஜோடி வரலாம்.


கொல்லைப்புறம் – மே 16

கூட்டில் 4 முட்டை. 12-ஆம் தேதியிலிருந்து தினமும் ஒன்றாக இட்டது. தூய வெள்ளை. சுள்ளியும் மண்ணும் வைத்து வாசலோரம் சின்ன அணை மாதிரி கட்டி, உள்ளே பச்சை இலையை நறுக்கென்று கிள்ளிக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறது. கும்பகோணத்துக்கு வீடியோ அனுப்பினேன். நாம் தொட்டால் தாய் கூட்டை விட்டுவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார்கள்.


ஏரிக்கரை – மே 16

விடாது தம்பி. மனித வாடை பட்டால் கைவிடும் என்பது கதை. ஐந்து நாளுக்கு ஒருக்கால் நடுப்பகலில் இறக்கிப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொரிக்க 15, 16 நாள். பிறந்ததிலிருந்து நாலு கிழமையில் பறக்கும். ஆனால் 22 நாளுக்குப் பிறகு திறக்க வேண்டாம், பயந்து முன்கூட்டியே குதித்துவிடும்.


கொல்லைப்புறம் – ஜூன் 29

மே 31 அன்று நான்கும் பொரித்தன. ஒன்று ஐந்தாம் நாள் இறந்துவிட்டது, மற்ற மூன்றும் நன்றாக வளர்ந்தன. நடுவில் ஒரு முறை கூட்டில் ஈப் புழு நிறைய இருந்தது. பழைய ஏணி அண்ணா தொலைபேசியில் சொன்னபடி குஞ்சுகளைத் துணி விரித்த டப்பாவில் மாற்றிவிட்டு, பழைய கூட்டை எடுத்துக் காய்ந்த பைன் இலை பரப்பித் திரும்ப வைத்தேன். பத்து நிமிடத்தில் தாய் தட்டானைக் கவ்வியபடி வந்துவிட்டது.

நேற்று முதல் குஞ்சு பறந்தது. இன்றைக்குக் காலையில் மற்ற இரண்டும். வலையில் ஒரே ஒரு பாம்பு சிக்கியது, கத்தரியால் வெட்டி ஓடைப் பக்கம் விட்டுவிட்டேன்.


பழைய ஏணி – ஜூன் 29

மூன்று குஞ்சு, முதல் வருடத்தில். மனது நிறைந்துவிட்டது தம்பி. ஜூலையில் ஒரு சாயங்காலம் ஸ்டாஃபோர்டில் ஃபவுன்டன்ஸ் கடைவளாகத்துக்கு வாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தானே. பிரேசிலுக்குக் கிளம்புவதற்கு முன் இந்த வட்டாரத்து மார்ட்டின் எல்லாம் அங்கே மரங்களில் இரவு அடையும். 8 மணிக்கு மேல் வானம் கறுத்துவிடும். விடியற்காலையில் அவை ஒரே நேரத்தில் கிளம்புவது வானிலை ரேடாரில் வளையமாக விரிந்து தெரியும்.


கொல்லைப்புறம் – ஜூலை 19

போனோம். அண்ணாவையும் முதல் முறையாக நேரில் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். 8:20-க்கு நாலு திசையிலிருந்தும் வந்தன. பல்லாயிரம் இருக்கும், எண்ண முடியவில்லை. சுழன்று சுழன்று, கடைசியில் மழை கொட்டுகிற மாதிரி மரத்துக்குள் விழுந்தன. நம் மூன்றும் இதில் இருக்குமா என்று மகள் கேட்டாள். இருக்கும் என்று அண்ணா சொன்னார்.


சுரைக்கொடி – ஜூலை 19

என் கம்பத்தில் இந்த வருடம் 14 ஜோடி. கொடியில் இப்போது ஒன்பது காய் தொங்குகிறது. தம்பிக்கு இரண்டு எடுத்து வைக்கிறேன், காய்ந்ததும் அனுப்புகிறேன். வெள்ளை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.


கொல்லைப்புறம் – பிப்ரவரி 12

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். அக்கா அனுப்பிய இரண்டு சுரைக்குடுக்கையையும் போன மாதம் கிழக்குப் பக்கத்தில் மாட்டினேன். இன்றைக்கு 7:10-க்கு ஒரு ஆண் வந்தது. தலையிலிருந்து வால் வரை கருநீலம், வெயில் பட்ட இடத்தில் ஊதா. நேராகப் போன வருடத்துக் குடுக்கைக்கே போய், ஒரு தடவைகூடச் சுற்றிப் பார்க்காமல் தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைந்தது.

காலில் அடையாள வளையம் மாட்டவில்லை, அதனால் அதேதான் என்று நிரூபிக்க வழியில்லை. மகளுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. அம்மாவுக்கு உடனே போன் செய்தாள். அங்கே சாயங்காலம். அம்மா கேட்ட முதல் கேள்வி, முட்டை ஓடு எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று. ஒரு டப்பா நிறைய இருக்கிறது.